சூழல் எழுதப்படாத கட்டளை

"கையால் இயக்கினால் ஓடுகிறது, நேரம் குறித்து விட்டால் ஓடுவதில்லை." மொழித் துறைகளின் கணினி அறைகளில் இன்று அடிக்கடி கேட்கும் முறையீடு இது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் அடுத்த வாக்கியத்தையும் சேர்த்தே சொல்கிறார்: "ஏனென்றே தெரியவில்லை."

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது, ஆய்வாளர் ஒருவர் சொல்லக் கூடாதது. ஏனெனில் காரணம் முழுவதும் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது. கட்டளை ஒன்றே, கணினியும் ஒன்றே, மாறியது சூழல் மட்டுமே. ஒரே வடிவம் இரண்டு சூழல்களில் இரண்டு விளைவுகளைத் தருமானால் சூழலை ஆராய வேண்டும் என்பது மொழியியலில் முதற்பருவத்திலேயே கற்பிக்கப்படும் பாடம். அதைக் கற்றவர்களே கணினியின் முன் அமர்ந்ததும் மறந்துவிடுகிறார்கள் என்பதும், அந்த மறதியின் விலையைத் தரவு கொடுத்த மக்கள் செலுத்துகிறார்கள் என்பதுமே இங்கு வைக்கப்படும் குற்றச்சாட்டு.

விலை என்பது எத்தகையது என்று காண, கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்து பெருந்தொழிலாக வளர்ந்த அந்தச் சுரங்கங்கள், 2001 பிப்ரவரி இறுதியில் பொதுத்துறை நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கத்தின் கையில் இருந்தபோது மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் சென்று அங்கே குடியேறிய தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலித் மக்கள். கன்னட நிலத்தில், தெலுங்கும் உருதுவும் ஆங்கிலமும் காதில் விழ, தலைமுறை தலைமுறையாக அவர்கள் பேசிய தமிழுக்குத் தனி முகம் உண்டு. ஷாஃப்ட்டும் கேஜும் ஷிஃப்ட்டும் அந்தத் தமிழின் இலக்கணத்துக்குள் எப்படி நுழைந்தன, எந்த வேற்றுமை உருபை ஏற்றன, எந்த ஒலியை இழந்தன என்பவற்றை எந்த அகராதியும் சொல்லாது. சுரங்கத்துக்குள் இறங்கிய மனிதர்களின் வாய்மொழிதான் சொல்லும்.

சுரங்கம் மூடப்பட்ட நாளில் முப்பதாண்டுப் பணியை நிறைவுசெய்திருந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். அவரோடு இறங்கியவர்களில் பலரைச் சிலிக்கா தூசி முன்பே கொண்டுபோயிற்று. அவர்களது பேச்சை இன்று ஒருமுறை பதிவுசெய்யலாம். பத்தாண்டு கழித்து மறுமுறை பதிவுசெய்ய இயலாது. ஆய்வுக்கூடச் சோதனையைத் திரும்பச் செய்வதுபோல் இறந்தவரின் நேர்காணலைத் திரும்பச் செய்ய முடியாது.

இனி ஒரு திட்டத்தைக் கற்பனை செய்யலாம். ஓர் ஆய்வுக் குழு அத்தகைய முதியவர்களின் குரல்களைப் பதிவுசெய்து, எழுத்துப்படி ஆக்கி, துறையின் லினக்ஸ் கணினியில் சேர்த்துவைக்கிறது. ஒவ்வோர் இரவும் 2 மணிக்கு அனைத்தையும் சுருக்கி, அன்றைய தேதியிட்ட கோப்பாக இரண்டாவது வட்டில் எழுத வேண்டும் என்று ஒரு சிறுநிரல் எழுதப்படுகிறது. எழுதியவர் முனையத்தில் அதை இயக்கிப் பார்க்கிறார். ஓடுகிறது. யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் காலங்குறித்த பணிகளை இயக்கும் கிரான் என்னும் பின்னணி நிரலிடம் அதை ஒப்படைத்துவிட்டு எழுந்துபோகிறார். அன்றிரவு முதல் அது ஓடவே இல்லை.

நடந்தது இதுதான். சிறுநிரலில் சுருக்கும் கருவியின் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. வெறும் பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயருள்ள நிரலைக் கணினி எந்தெந்த அடைவுகளில் தேட வேண்டும் என்ற பட்டியல் ‘பாத்’ என்னும் சூழல் மாறியில் இருக்கிறது. அதைத் தேடுதடம் எனலாம். ஒருவர் உள்நுழையும்போது அவருடைய தனிப்பட்ட அமைவுக் கோப்புகள் படிக்கப்பட்டு, அவர் தாமே நிறுவிய கருவிகள் உள்ள அடைவுகளும் அந்தத் தடத்தில் சேர்கின்றன. கிரான் ஒரு பணியைத் தொடங்கும்போது எவரும் உள்நுழைவதில்லை. ஆகவே அந்தக் கோப்புகளை எவரும் படிப்பதில்லை. பல லினக்ஸ் அமைப்புகளில் அப்போது கிடைக்கும் தேடுதடம் ‘யூஎஸ்ஆர்’ அடைவிலுள்ள ‘பின்’, வேரிலுள்ள ‘பின்’ ஆகிய இரண்டு இடங்களோடு முடிந்துவிடுகிறது. கையால் நிறுவிய கருவி ‘லோக்கல்’ என்னும் உள்ளடைவில் இருந்தது. பகலில் அது கண்முன் நின்றது. இரவில் அது இல்லாத பொருள்.

இதனினும் கொடியது அடுத்த படி. ஒரு கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால், ஷெல் முதலில் அந்தக் கோப்பைத் திறக்கும். பிறகுதான் கட்டளையைத் தேடும். கட்டளை கிடைக்காவிட்டாலும் கோப்பு பிறந்துவிடும். எனவே ஒவ்வொரு நாளும் தவறாமல், சரியான தேதியோடு, சரியான பெயரோடு ஒரு கோப்பு வந்து சேர்ந்தது. அதன் அளவு 0 பைட். அடைவைத் திறந்து பார்ப்பவருக்கு வரிசையாகக் கோப்புகள் தெரியும், மனம் நிறைந்துவிடும். முதல் வட்டு பழுதாகும் நாளில்தான் இத்தனை நாளும் சேமிக்கப்பட்டது வெறும் பெயர்களே என்பது தெரியவரும்.

பிழைச் செய்தி ஏதும் வரவில்லையா? வந்தது. கிரான் தன் பணிகளின் வெளியீட்டை உரிமையாளருக்கு அஞ்சலாக அனுப்பும் வழக்கம் உடையது. ஆனால் அந்தக் கணினியில் அஞ்சல் அனுப்பும் நிரலே நிறுவப்படவில்லை. வேறு பலரோ, வெளியீடு, பிழை இரண்டையும் ‘டெவ் நல்’ என்னும் அடியற்ற குழிக்குள் தள்ளும் வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிக்கொள்கிறார்கள். சாட்சியை வாய்பொத்தி வைத்துவிட்டு, குற்றம் எப்படி நடந்தது என்று வியப்பது எவ்வகை ஆய்வு?

இந்த இடத்தில் தங்கவயல் வெறும் எடுத்துக்காட்டாக நிற்காமல் ஆசிரியராகவும் நிற்கிறது. அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியது. தரைமேல் எவரும் கேளாமலே கிடைக்கும் காற்று அங்கே இல்லை, வெளிச்சம் இல்லை, குளிர்ச்சி இல்லை. ஒவ்வொன்றையும் கணக்கிட்டு மேலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. சுரங்கங்களுக்கு மின்சாரம் தருவதற்காகவே சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து உண்டாக்கிய மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பிவழி கொண்டுவரப்பட்டது. தொழிலாளியின் உயிரை மலிவாக மதித்த நிர்வாகம்கூட, "மேலே காற்று இருக்கிறது, ஆகையால் கீழேயும் இருக்கும்" என்று கருதியதில்லை. கருதியிருந்தால் ஒரு துண்டுத் தங்கமும் மேலே வந்திராது. இரவு 2 மணிக்கு எழும் கணினிப் பணியும் ஆழத்தில் இறங்கும் பணியே. மேசையில் அமர்ந்திருப்பவரைச் சூழ்ந்துள்ள எதுவும் தானாக அதனுடன் இறங்காது. தேவையானதை எழுதி அனுப்பினால்தான் உண்டு.

இதை மொழியியலாருக்கு அவர்களுடைய மொழியிலேயே சொல்லலாம். கல், பகல், சுரங்கம் ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் வருகிறது. ‘கல்’லின் முதலில் அது ஒலிப்பிலா வெடிப்பொலி. ‘பகலி’ல் உயிர்களுக்கிடையே நின்று நெகிழ்ந்து உரசுகிறது. ‘சுரங்க’த்தில் மூக்கொலியை அடுத்து ஒலிப்புடையதாகிறது. எழுத்து ஒன்று, சூழல்கள் மூன்று, ஒலிகளும் மூன்று. தமிழ் எழுத்து இந்த வேறுபாட்டைக் குறிக்காமல் விடக் காரணம், தமிழறிந்தவர் சூழலைத் தாமே அறிவார் என்ற நம்பிக்கை. தமிழறியாத ஒருவரிடமோ பேச்சொலியாக்க நிரலிடமோ அதே எழுத்தைக் கொடுத்தால், விதியைத் தனியே எழுதித் தர வேண்டும். எந்த ஒலியனியல் மாணவரும் வருகைச் சூழலைக் குறிக்காமல் விதி எழுதினால் மதிப்பெண் பெறமாட்டார். ஆனால் அதே மாணவர் எழுதும் கணினிக் கட்டளையில் சூழல் வெற்றிடமாக இருப்பதை அவருடைய நெறியாளர் கேட்பதில்லை. நெறியாளரின் நெறியாளரும் கேட்டதில்லை.

இது துறைகளின் ஏழ்மையால் மட்டும் நேரும் பிழை என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. மென்பொருள் உருவாக்குவோர் தம் நிரல்களைச் சேர்த்துவைக்கும் தளமான கிட்லேப் 2017 ஜனவரி 31 அன்று அடைந்த இழப்பை அந்த நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டது. பொறியாளர் ஒருவர் தவறான சேவையகத்தில் இருந்துகொண்டு முதன்மைத் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். காப்புப்படியைத் தேடினர், அதை வைத்திருக்க வேண்டிய சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, காப்புப்படி எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பாக அழைக்கப்பட்டுப் பிழையோடு நின்றுபோயிருந்தது. எந்தப் பதிப்பை அழைப்பது என்பதை அந்தக் கருவி ஒரு குறிப்பிட்ட தடத்தில் உள்ள கோப்பைப் பார்த்துத் தீர்மானித்தது. பணி ஓடிய சேவையகத்தில் அந்தக் கோப்பு இல்லை. எனவே இயல்பிருப்பான பழைய பதிப்பு எடுபட்டது. தோல்வியை அறிவிக்கும் கிரான் அஞ்சல்களோ உரிய சான்றொப்பம் இல்லாமையால் பெறும் இடத்திலேயே மறுக்கப்பட்டன. வேறொரு தேவைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்துவைத்த ஒரு படியால் மட்டுமே பெரும்பகுதி மீண்டது.

இதில் கவனிக்க வேண்டியது திறமையின்மையை அன்று. தேர்ந்த பொறியாளர்கள் இருந்த இடத்திலும் கருவி சரி, கட்டளை சரி. ஓடிய இடத்தின் சூழலை எவரும் கேட்கவில்லை. தோல்வியின் குரல் எவர் காதிலும் விழவில்லை. தங்கவயலின் முதியவர் குரல்களுக்கு அத்தகைய தற்செயல் படியொன்று இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க எவருக்கும் உரிமை இல்லை.

எதிர்வாதங்கள் உண்டு. "இவை பொறியாளரின் வேலை, மொழியியலாருக்கு எதற்கு?" என்பது முதலாவது. ஒலிவாங்கி எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும், ஒப்புதலை எவ்வாறு பெற வேண்டும், எழுத்துப்படியில் இடைநிறுத்தத்தை எப்படிக் குறிக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் தம் வேலையாகக் கருதும் ஆய்வாளர், அந்தப் பதிவு நாளையும் இருக்குமா என்பதை மட்டும் பிறர் வேலையாக ஒதுக்குவது வசதியான பிரிவினை. பேச்சாளர் ஒப்புதல் தந்தது ஆய்வாளருக்கு. கணினி அறைப் பொறுப்பாளருக்கு அன்று.

"விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை" என்பது இரண்டாவது. உண்டு. அங்குள்ள பணி அட்டவணையில் எந்த அடைவில் தொடங்க வேண்டும் என்னும் கட்டத்தை நிரப்பாமல் விட்டால், பணி பெரும்பாலும் கணினியின் ‘சிஸ்டம்32’ அடைவில் தொடங்கித் தன் கோப்புகளைத் தேடி ஏமாறும். உள்நுழைந்தவருக்கு எழுத்துப் பெயரோடு தெரியும் வலையமைப்பு வட்டு, எவரும் உள்நுழையாதபோது ஓடும் பணிக்குத் தெரியாது. முகங்கள் வேறு, நோய் ஒன்று.

மூன்றாவது வாதமே வலுவானது: "கிரான் என் அமைவுக் கோப்புகளை ஏன் படிக்கக் கூடாது? குறை வடிவமைப்பில் அல்லவா?" ஓசையின்றித் தோற்பது குறையே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அமைவுக் கோப்புகளைப் படிப்பது அதற்கு மருந்தாகாது. அவை மனிதரின் வசதிக்காக நாள்தோறும் மாறுபவை. நேற்று நிறுவிய ஒரு புதிய பைத்தான் இன்றைய இரவுப் பணியின் அடித்தளத்தை மாற்றிவிடும். காரணத்தைத் தேடுவது முன்னிலும் கடினமாகும். கிரான் தரும் சூழல் சிறியது. ஆனால் நாளுக்கு நாள் மாறாதது. ஆய்வாளர் விரும்ப வேண்டியது அந்த மாறாமையைத்தான். மேலும், 1987-இல் பால் விக்ஸி எழுதி வெளியிட்ட கிரான், அட்டவணையின் தலைப்பிலேயே சூழல் மாறிகளை எழுத இடம் தந்தது. எழுத இடமிருந்தும் எழுதாமல் விட்டது வடிவமைத்தவரின் குற்றமன்று.

தேடுதடத்தோடு நிற்பதுமில்லை இந்தச் சிக்கல். மொழி அமைவும் சூழலின் ஒரு பகுதியே. அது சரியாக இருக்கும்போது சொற்பட்டியலை வரிசைப்படுத்தினால் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற மரபு வரிசை கிடைக்கும். மொழி அமைவு இல்லாத இரவுச் சூழலில் யூனிகோடு எண் வரிசையே கிடைக்கும். அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வந்துவிடும். பகலில் வரிசைப்படுத்திய பட்டியலையும் இரவில் வரிசைப்படுத்திய பட்டியலையும் இணைக்கும் பணி பல சொற்களை நழுவவிடும்; எண்ணிக்கை குறையும்; அந்த எண்ணிக்கை ஆய்வேட்டில் அட்டவணையாக ஏறும். 0 பைட் கோப்பாவது ஒருநாள் பிடிபடும். குறைந்த எண்ணிக்கை முனைவர் பட்டமும் பெற்றுவிடும்.

ஆகவே காரணம் தேடும் முறையைச் சடங்காக இல்லாமல் ஆய்வு முறையாகவே கொள்ள வேண்டும். முதற்கண், சூழலை ஊகிக்காமல் கேட்க வேண்டும்: தன் சூழல் மாறிகள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதிவைக்குமாறு ஒரே ஒரு வரிப் பணியைக் கிரானிடம் கொடுத்து, வந்த பட்டியலை முனையத்தின் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். ஒலியனியலில் குறைந்தபட்ச இணைகளைத் தேடுவது போன்றதே இது. வேறுபாடு எங்கே என்பதைத் தரவே காட்டிவிடும். அடுத்து, ஒவ்வொரு கருவியையும் வேரிலிருந்து தொடங்கும் முழுத்தடத்தோடு அழைக்க வேண்டும். அல்லது சிறுநிரலின் முதல் வரிகளிலேயே தேடுதடம், தொடங்கும் அடைவு, மொழி அமைவு மூன்றையும் எழுதிவிட வேண்டும். அட்டவணையில் எழுதுவோர் ஒன்றை மறக்கலாகாது: அது ஷெல் அன்று. ஏற்கெனவே உள்ள தடத்தோடு புதியதைச் சேர்க்க முனையத்தில் எழுதும் டாலர் குறியிட்ட மாறி, அட்டவணையின் தலைப்பில் விரிவடையாது. எழுத்துக்கு எழுத்து அப்படியே நின்றுவிடும்.

பிறகு, வெறுமையான சூழலை வேண்டுமென்றே உண்டாக்கி அதில் சிறுநிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘என்வ்’ என்னும் கட்டளை அதற்கு உதவும். அங்கே ஓடுவதே இரவிலும் ஓடும் என்று எதிர்பார்க்கலாம். வெளியீட்டையும் பிழையையும் தேதியோடு பதிவேட்டில் சேர்க்க வேண்டும். கட்டளை கிடைக்கவில்லை என்பதற்குரிய 127 என்ற முடிவெண் அந்தப் பதிவேட்டில் தென்பட்டால் அரைநாள் அலைச்சல் மிச்சம். இறுதியாக, கோப்பு இருக்கிறதா என்று பாராமல், அதன் அளவையும், அதிலிருந்து தரவு மீள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்புப்படி வெறும் நம்பிக்கை, நம்பிக்கை தரவாகாது.

இவற்றுக்கு மாறாகப் புழங்கும் கைவைத்தியங்கள் ஆபத்தானவை. முழு அதிகாரமுள்ள பயனராக ஓட்டிப் பார்ப்பது, முனையத்தின் நீண்ட தேடுதடத்தை அப்படியே வாரி ஒட்டுவது, ஓடும்வரை நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது ஆகியவற்றால் ஒருவேளை பணி ஓடலாம். ஏன் ஓடியது என்பது தெரியாது. ஏன் தோற்றது என்று அறியாமல் கிடைத்த வெற்றி அடுத்த தோல்வியின் முன்தேதியிட்ட கடிதம்.

கணினித்தமிழ் என்ற பெயரில் நடக்கும் பாடத்திட்டங்கள் பல, எழுத்துருவின் வரலாற்றையும் விசைப்பலகையின் வகைகளையும் கற்பித்து நின்றுவிடுகின்றன. நிரல் எங்கே ஓடுகிறது, எதைத் தெரிந்துகொண்டு ஓடுகிறது என்ற கேள்வி அவற்றுள் இல்லை. தரவு சார்ந்த எந்த ஆய்வேட்டின் முறையியல் இயலிலும் ஒரு பக்கம் சூழலுக்கு ஒதுக்கப்பட வேண்டும்: எந்த அமைப்பு, எந்தப் பதிப்பு, எந்தத் தடம், எந்த மொழி அமைவு என. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும்: "உங்கள் காப்புப்படியிலிருந்து ஒரு பதிவை இப்போது மீட்டுக் காட்டுக." காட்ட இயலாதவர் ஆய்வை முடிக்கவில்லை.

இந்தக் கண்டிப்பு தங்கவயலுக்குப் புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பத்தில் வேர்கொண்டது. அவருடைய எழுத்துகளை நூல்களாக்கிக் காத்ததில் அந்த ஊரின் சித்தார்த்த புத்தகசாலைக்குப் பெரும் பங்கு உண்டு. பல்கலைக்கழகங்கள் அவரை நினைவுகூராத காலத்தில், ஒரு சுரங்க ஊர் அச்சிட்டுக் காத்தது. அந்த ஊர் இன்று பல்கலைக்கழக ஆய்வாளர்களிடம் தன் முதியவர்களின் குரலை நம்பிக் கொடுக்கிறது.

அவ்வாறு பெற்றுக்கொண்டவர்கள் இன்றே நேற்றிரவின் கோப்பைத் திறக்க வேண்டும். அதன் அளவைப் பார்க்க வேண்டும். பிறகு வேறொரு கணினியில் அதை விரித்து, ஒரு குரலையாவது ஒலிக்கச் செய்து கேட்க வேண்டும். குரல் வந்தால் நன்று. வராவிட்டால், அந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே அது தெரியவந்ததற்காக மகிழ்ந்து, மாரிக்குப்பத்துக்குச் செல்லும் அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டும்.